பட்டறை மாறலாமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திருக்குறளின் பொருட்பாலில் நான்கு அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. 47-ஆவது தெரிந்து செயல்வகை, 48-ஆவது வலியறிதல், 49-ஆவது காலமறிதல், 50-ஆவது இடனறிதல். ஒரு செயலில் இறங்குமுன் வரவு செலவை ஆராய்தல், தன் வலிமையை அறிதல், ஏற்ற காலத்தையும் ஏற்ற இடத்தையும் தெளிதல் என்பன இவற்றின் பொருள். இவை வேந்தனுக்காகச் சொல்லப்பட்டவை என்பர். ஆயினும் லேத்தில் நின்று வேலை செய்யும் ஒரு தொழிலாளி, பல ஆண்டு பழகிய பட்டறையை விட்டு வேறு பட்டறைக்குப் போகலாமா என்று எண்ணும்போது அவன் முன் நிற்பவையும் இதே நான்கு கேள்விகள்தாம். அவற்றை ஒரு உண்மைக் கணக்கோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவைக்கு இக்கேள்வி புதிதன்று. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து மின்மோட்டார் செய்து காட்டினர். பஞ்சாலைகளுக்கு உதிரிப் பாகங்களும் உழவர்க்குப் பம்பு செட்டுகளும் தேவைப்பட, கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் எங்கும் பட்டறைகள் முளைத்தன. பட்டறைகள் பெருகிய ஊரில் ஆள் மாறுவதும் பெருகும். நம் கல்லூரியில் படிக்கும் நம்மில் பலருடைய வீடுகளிலும் இப்பேச்சு ஒரு முறையேனும் எழுந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இவ்வாண்டு எழுந்தது. என் தந்தையார் கணபதியில் ஒரு பட்டறையில் 19 ஆண்டுகளாக டர்னர். வயது 46. மாதச் சம்பளம் 19,500 ரூபாய். அதில் அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்ந்து 16,900. அரசூர்ப் பக்கம் சி.என்.சி. எந்திரங்கள் உள்ள வேறொரு தொழிற்கூடம் 26,000 தருவதாக அழைத்தது. அதில் அடிப்படை 22,100. மாதம் 6,500 ரூபாய் கூடுதல். "போயிடுங்க" என்றார் சித்தப்பா. "19 வருச சர்வீஸை யாராவது விடுவாங்களா?" என்றார் தாய்மாமன். இருவர் சொன்னதையும் எண்களாக்கிப் பார்க்க நான் முனைந்தேன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் என்பதால் பேனாவும் தாளும் என் கைக்கே வந்தன.

தெரிந்து செயல்வகை

முதலில் "19 வருசம் வீணாகிவிடும்" என்ற அச்சத்தை எடுத்துக்கொள்வோம். வீணாவது எது?

பி.எஃப். வீணாவதில்லை. தொழிலாளியின் ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். 2014 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரே நிரந்தர எண் இருப்பதால், வேலை மாறினாலும் கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்கு உரிய பணிக்காலமும் அதனோடு தொடர்கிறது. வேலை மாறும்போது அப்பணத்தை எடுத்துச் செலவழிப்பவர்கள்தாம் அதை இழக்கிறார்கள்.

பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, சற்று வேறானது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே உள்ளது. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஐந்து ஆண்டு முடித்த நிரந்தரத் தொழிலாளி தானாக விலகினாலும் இது உண்டு. 16,900-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 9,750. 19 ஆண்டுக்கு 1,85,250 ரூபாய்.

இங்கே கவனிக்க வேண்டியது "கடைசியாக வாங்கிய" என்ற சொல். இப்போது விலகினால் அந்த 19 ஆண்டும் இன்றைய ஊதியத்திலேயே உறைந்துவிடும். 58 வயது வரை இங்கேயே இருந்தால், 31 ஆண்டும் அன்றைய ஊதியத்தால் பெருக்கப்படும். ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடினால் 12 ஆண்டில் இரு மடங்காகும் என்று வைத்துக்கொண்டேன்.

இங்கேயே இருந்தால்: கடைசி அடிப்படை 33,800. ஆண்டுக்கு 19,500. 31 ஆண்டுக்கு 6,04,500 ரூபாய்.

மாறினால்: இப்போது 1,85,250. புதிய இடத்தில் கடைசி அடிப்படை 44,200, ஆண்டுக்கு 25,500, 12 ஆண்டுக்கு 3,06,000. மொத்தம் 4,91,250 ரூபாய்.

வேறுபாடு 1,13,250 ரூபாய். ஆனால் இன்று கைக்கு வரும் 1,85,250-ஐ 7 விழுக்காடு தனி வட்டிக்கு விட்டாலே 12 ஆண்டில் 1,55,610 ரூபாய் வட்டி வரும். இழப்பு ஈடாகிவிடுகிறது! கைக்கு வந்த பணம் கையில் நிற்குமா என்பது வேறு கேள்வி. என் தங்கைக்கும் படிப்பு இருக்கிறது. எனினும், "19 வருசம் வீண்" என்ற அச்சத்துக்குக் கணக்கில் ஆதாரம் இல்லை என்பது தெளிவாயிற்று. தாய்மாமன் முகம் சிறிது வாடியது.

இடனறிதல்

அடுத்துச் சித்தப்பாவின் 6,500. இதற்காக வள்ளுவர் வரிசையைச் சற்று மாற்றி இடத்தை முன்னால் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதைய பட்டறை வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவு. அரசூர் செல்ல வேண்டுமாயின் காந்திபுரம் வந்து, அங்கிருந்து அவிநாசி சாலையில் வேறு பேருந்து பிடிக்க வேண்டும். போக வர நாளொன்றுக்குக் கூடுதலாக 2 மணி நேரம். மாதம் 26 நாளுக்கு 52 மணி. பேருந்துக் கட்டணம் நாளுக்கு 40 ரூபாய் வீதம் 1,040.

இன்னொரு செலவு யார் கண்ணிலும் படவில்லை. இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு ஊதிய உச்சவரம்பு உண்டு. 2017-இல் அது 21,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. 19,500 வாங்கும் வரை நாங்கள் அதற்குள் இருக்கிறோம். 26,000 வாங்கினால் வெளியே வந்துவிடுவோம். செலுத்திய சந்தாவுக்கு உரிய காலம் வரை மருத்துவம் தொடரும், பிறகு நின்றுவிடும். என் தாயாருக்குச் சர்க்கரை நோய். மாத்திரைகள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்து வருகின்றன, கூடுதல் சோதனை வேண்டுமானால் சிங்காநல்லூர் மருத்துவமனைக்குப் போகிறோம். அதே மாத்திரைகளுக்கு வெளிக்கடையில் விலை கேட்டேன்: மாதம் 1,400 ரூபாய். புதிய இடத்தில் தரும் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து படுத்தால்தான் உதவும்.

6,500-இல் 1,040-உம் 1,400-உம் கழிய, மீதி 4,060. இதைப் பெற அவர் கொடுப்பது 52 மணி. மணிக்கு 78 ரூபாய். இப்போது அவர் ஈட்டுவதோ, 26 நாளும் 8 மணியும் என்று கொண்டால், மணிக்கு 93 ரூபாய் 75 காசு. அதாவது கூடுதல் சம்பளம் என்று தோன்றுவது, குறைந்த கூலிக்குக் கூடுதல் நேரம் வீட்டை விட்டு வெளியே இருப்பதே. சித்தப்பா தாளை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகவே இருந்தது.

வலியறிதல்

ஆகவே தங்குவதற்குச் சொன்ன காரணமும் போவதற்குச் சொன்ன காரணமும் ஆகிய இரண்டுமே நிற்கவில்லை. எஞ்சியது கைத்திறன்.

பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில், பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பயன்படும் பொதுத் திறன் ஒன்று. அந்த ஒரு நிறுவனத்தில் மட்டுமே பயன்படும் தனித் திறன் மற்றொன்று. என் தந்தையாரின் திறனை இப்படிப் பிரித்துப் பார்த்தேன்.

அவருடைய லேத்தின் திருகுத் தண்டில் எவ்வளவு தளர்வு உண்டு, காலையில் எந்திரம் சூடேறும் வரை அளவு எப்பக்கம் விலகும் என்பன அவர் கைக்குத் தெரியும். வேலை மாறும் நாளில் இவ்வறிவு அந்த லேத்தோடு நின்றுவிடும்.

ஆனால் உலோகத்தைப் பற்றிய அறிவு கூடவே வரும். எஃகு ஒரு டிகிரி செல்சியசு சூடேறினால் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 50 மி.மீ. விட்டமுள்ள தண்டு 20 டிகிரி சூடேறினால் விட்டம் 0.012 மி.மீ. கூடும். மைக்ரோமீட்டரில் ஒரு கோட்டுக்கும் மேல்! "ஆற வெச்சு அளக்கோணும் கண்ணு" என்று அவர் சொல்வது நாம் படிக்கும் வெப்ப விரிவே. வெட்டு வேகமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் 50 மி.மீ. தண்டைக் கடைய ஏறத்தாழ 191 சுற்று வேண்டும். கார்பைடு டூல் வைத்து 150 மீட்டர் வேகம் கொடுத்தால் 955 சுற்று. கை லேத்துக்கும் சி.என்.சி.க்கும் இதே வாய்பாடுதான். சீவல் நீலம் பாய்ந்து வந்தால் சூடு மிகுகிறது என்று அறியும் கண்ணுக்கு, எந்திரம் மாறினாலும் வேலை உண்டு.

அவரிடம் இல்லாதது, அந்த அறிவை எண்ணும் எழுத்துமாக எந்திரத்துக்குச் சொல்லும் முறை. அதுவோ இப்போதைய பட்டறையில் கிடைக்காது. அங்கே ஆறு கை லேத்துகளே உள்ளன. ஆகப் போவதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால், அது கல்வியே. ஆனால் சி.என்.சி. கூடத்தில் சேர்வதனாலேயே சி.என்.சி. தெரிந்துவிடாது. பொருளை மாட்டிப் பொத்தானை அழுத்தும் ஆள் வேறு; செட்டிங் செய்து புரோகிராம் எழுதும் ஆள் வேறு. முன்னவராகவே 12 ஆண்டு கழிந்தால் உள்ள திறனும் தேயும்.

காலமறிதல்

ஓய்வில் இருக்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை, அசைந்தபின் நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். நிலை உராய்வு என்று இதைப் படிக்கிறோம். 19 ஆண்டு ஓரிடத்தில் நின்ற மனிதருக்கும் அது உண்டு. அதில் பாதி வெறும் பழக்கம். மறுபாதி அப்படியன்று. 2020-இல் ஊரடங்கின்போது எந்திரங்கள் நின்றிருந்த இரண்டு மாதமும் முதலாளி பாதிச் சம்பளம் கொடுத்தார். அந்த நன்றியைக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று நான் கேட்டேன். "அத எழுதாத. எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார் அப்பா.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், ஓர் அமைப்பில் குறை கண்டவன் முன் இரண்டு வழிகளைக் காட்டுகிறார்: வெளியேறுதல், வாய்திறந்து சொல்லுதல். பற்று உள்ளவன் வெளியேறுமுன் சொல்லிப் பார்ப்பான். அப்பா இரு இடத்திலும் சொல்லிப் பார்த்தார். முதலாளியிடம், "சம்பளம் பத்தலீங்க, புது மிஷின் வாங்கற எண்ணம் உண்டுங்களா?" என்று கேட்டார். 1,500 ரூபாய் கூட்டித் தருவதாகவும், புது எந்திரம் இப்போது இயலாது என்றும் பதில் வந்தது. 21,000 என்பதே அப்போது வரும் சம்பளம். வரம்பைத் தாண்டாததால் இ.எஸ்.ஐ. நிற்காது. அரசூரில், செட்டிங் கற்றுத் தருவீர்களா என்று கேட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள், எழுதித் தரவில்லை.

முடிவுரை

இப்போது அப்பா ஞாயிறுதோறும் ஒரு பயிற்சி நிலையத்தில் சி.என்.சி. கற்று வருகிறார். சரிவுக் கடைசலுக்கு வேண்டிய கோணத்தை இத்தனை ஆண்டும் அட்டவணை பார்த்து வைத்தவருக்கு, அந்த அட்டவணைக்குப் பெயர் டேன்ஜென்ட் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அந்த எண் எதற்காக என்பதை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஓராண்டு கழித்து மீண்டும் இதே நான்கு கேள்விகளைக் கேட்பதாக முடிவு. அப்போது அவர் பேசும் இடம் வேறாக இருக்கும். கேட்கும் வேலையும் வேறாக இருக்கும்.

நண்பர்களே! பட்டம் பெற்றபின் நாமும் வேலையில் சேர்வோம். மாறலாமா என்று தயங்குவோம். அன்று இரண்டு சம்பளங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாது. கூட வருவது எது, அங்கேயே நின்றுவிடுவது எது என்று இரு பத்தி போட்டு எழுத வேண்டும். மணிக்கு என்ன கூலி என்று வகுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் நோயுற்றவர் உண்டெனில் அவருடைய மருந்தையும் அதே தாளில் எழுத வேண்டும். கூட வரக்கூடிய திறனை, முடிந்தவரை, இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே சேர்க்க வேண்டும். அதன்பின் போவதா இருப்பதா என்பதை அந்த எந்திரத்தின் முன் நிற்கப்போகிறவரே முடிவு செய்யட்டும்.