நீரிழிவும் வளர்ச்சி ஓமோனும்

உண்ண உண்ண மெலிதல் நீரிழிவின் பழைய அடையாளம். இளம் உயிர்களிடத்தே அதனினும் இரங்கத்தக்க அடையாளம் ஒன்றுண்டு. அவை வளராது நின்றுவிடும். ஆய்கூடத்திலே நீரிழிவுற்ற எலிக்குட்டி தன் உடன்பிறந்தவற்றிலும் மிகுதியாக உண்ணும், மிகுதியாக நீர் பருகும். ஆயினும் அதன் எலும்பு உரிய அளவு நீளாது. போதிய இன்சுலின் பெறாத சிறுவரிடத்தே குன்றிய உயரத்தையும் பருத்த ஈரலையும் பிரெஞ்சு மருத்துவர் பியர் மோரியாக் 1930இல் எடுத்துக் காட்டினார். உணவு குறையாதிருக்க வளர்ச்சி குறைவதேன்? இவ்வினாவுக்கு விடை தேடியோர் இரு சுரப்பிகளை ஒருங்கே நோக்க வேண்டியவராயினர்.

ஒன்று சதையி. அதனை அகற்றிய நாய்க்கு நீரிழிவு தோன்றுவதை மெரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் 1889இல் கண்டனர். மற்றது மூளையின் அடியிலே அவரைவிதையளவாகத் தொங்கும் கபச்சுரப்பி. வளர்ச்சி ஓமோன் பிறப்பது இங்கேதான். ஆர்சென்ரீன நாட்டு அறிஞர் பெர்னார்தோ உசே, சதையி நீக்கிய நாயின் கபச்சுரப்பியையும் நீக்கினார், நோய் தணிந்தது! இவ்வாராய்ச்சிக்காக 1947இல் அவருக்கு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. 1937இல் இலண்டனிலே யங் என்பார் கபச்சுரப்பியின் முற்பகுதிச் சாற்றை நாள்தோறும் ஏற்றி, நலமுள்ள நாய்களையே நிலையான நீரிழிவுக்கு உள்ளாக்கினார். அச்சாற்றை நாய்க்குட்டிகளுக்கு ஏற்றியபோதோ, அவை நோயுறாது வளர்ந்தன. இவ்வரலாறு முழுவதிலும் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி இதுவே. போதிய இன்சுலின் சுரக்கும் இளமையில் வளர்ச்சியாய் அமைவது, முதிர்ந்த உடலிலே நோயாய் முடிகின்றது.

இனி, மறுபுறம் நோக்குவோம். நீரிழிவு வளர்ச்சி ஓமோனை என் செய்கின்றது?

நலமுள்ள ஆணெலியின் குருதியிலே இவ்வோமோன் ஏறத்தாழ மூன்றே கால் மணிக்கு ஒருமுறை அலைபோல் எழுந்து, இடையிலே அறவே தணியும். ஸ்ரெப்ரோசோற்றோசின் என்னும் மருந்தினால் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிட்டால், அவ்வலைகள் தாழ்ந்து போகின்றன. கபச்சுரப்பி பழுதுற்றதோ எனின், அன்று. மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியிலும் சதையி முதலிய இடங்களிலும் சோமாற்றோஸ்ராற்றின் என்னும் பொருள் சுரக்கின்றது. வளர்ச்சி ஓமோன் வெளிப்படாது தடுப்பது அதன் தொழில். 1981இல் கனடாவில் குளோரியா தனன்பாம், நோயுற்ற எலிகளுக்கு அப்பொருளை முறிக்கும் எதிர்ச்சீரத்தை ஏற்றினார். அடங்கியிருந்த ஓமோன் மீண்டும் உயர்ந்தது. ‘ஓமோன்’ என்பது தூண்டுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாக 1905இல் வழங்கத் தொடங்கிய பெயர். தூண்டாது தடுக்கும் ஓமோனும் உண்டென்பதை அன்று பெயரிட்டோர் எண்ணியிரார்.

தடை இம்மட்டோடு நில்லாது. வளர்ச்சி ஓமோன் தன் பணியிற் பெரும்பகுதியை ஈரலின் துணைகொண்டே செய்கின்றது. ஈரல் அதன் ஆணையை ஏற்று, ‘இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி’ என்பதைக் குருதியில் விடும். எலும்பின் நுனிக் கசியிழையத்தைப் பெருக்குவதில் அதற்குப் பெரும்பங்குண்டு. ஆணையை ஏற்கும் வாங்கிகள் ஈரற் கலங்களில் நிலைத்திருக்க இன்சுலின் வேண்டும். இன்சுலின் அற்றபோது வாங்கிகள் குறைகின்றன; காரணியும் குறைகின்றது. இன்சுலின் ஏற்றப்பட்ட எலியிலே காரணி மீண்டும் உயர, வளர்ச்சியும் தொடர்கின்றது.

எலியிற் கண்டதை அவ்வாறே மனிதர்க்கும் உரைத்தல் ஆகாது. முதலாம் வகை நீரிழிவு அடங்காதுள்ள மனிதரிடத்தே வளர்ச்சி ஓமோன் குறைவதில்லை, மிகுகின்றது. ஈரலின் காரணி குறைவது இருவர்க்கும் பொது. அக்காரணி போதிய அளவில் இருப்பின், ‘இனிப் போதும்’ எனக் கபச்சுரப்பியை அடக்கும். மனிதரிலே அவ்வடக்கம் தளர்வதால் ஓமோன் பெருகுகின்றது. பெருகியும் ஈரல் செவிசாய்ப்பதில்லை. ஆனால் இன்சுலினின் தொழிலுக்கு அது இடையூறு செய்வது மட்டும் ஓய்வதில்லை. சர்க்கரை மேலும் ஏறுகின்றது. பதின்மூன்று பதினான்கு வயது மாணவர் இரவிலே அளவோடு உண்டு இன்சுலினும் தவறாது ஏற்றியிருக்க, விடியற்காலையிற் குருதிச் சர்க்கரை உயர்ந்திருப்பது உண்டு. உறக்கத்திற் சுரந்த வளர்ச்சி ஓமோன் அதற்கு ஒரு முதன்மைக் காரணம். பிள்ளை களவாய் இனிப்புண்டான் என்று பெற்றோர் கடிந்துகொள்வதற்கு முன், மருத்துவரிடம் இன்சுலினின் அளவையும் வேளையையும் பற்றிக் கேட்டறிதல் தகும்.