சூழல் மாறிகளும் பொதி நிறுவுதலும்

ஜாவாஸ்கிரிப்ட் பயிலும் மாணாக்கர் முதன்முதல் இடர்ப்படுமிடம் பெரும்பாலும் அம்மொழியின் இலக்கணமன்று. பிறர் இயற்றிய பொதிகளைத் தம் கணினியில் நிறுவுமிடமேயாம். என்பிஎம் என்னும் கருவிக்குக் கட்டளையிட்ட மாத்திரத்தே பிழைச் செய்திகள் திரையை நிறைக்க, நோடையே நீக்கி மீண்டும் நிறுவி இரவெல்லாம் விழித்தோர் பலர். யானும் அவருள் ஒருவன். மறுநாள் ஒப்புவிக்கவேண்டிய பயிற்சியை ஒப்புவியாது நின்ற பின்னரே, குற்றம் நோடினிடத்தன்று, சூழல் மாறியினிடத்தது என்றறிந்தேன்.

சூழல் மாறியாவது யாது? ஒரு நிரல் தொடங்குங்கால், அதனைத் தொடங்குவிக்கும் தாய்நிரல் பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியலை அதற்கு அளிக்கின்றது. அப்பட்டியலின் உறுப்பே சூழல் மாறி. 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இம்முறை அமைந்தது. சேய் பெறுவது நகலே என்பதை மறவாதிருத்தல் வேண்டும். தாய் பின்னர்த் தன் பட்டியலைத் திருத்தினும் சேயின் நகல் மாறாது. ஆதலின், மாறியைத் திருத்தியபின் முன்னரே திறந்திருந்த முனையத்தை மூடிப் புதிதாய்த் திறத்தல் வேண்டும். யான் அன்று இழைத்த பிழை இதுவே.

இனி, அடிக்கடி நேரும் பிழைகள் நான்கினை ஆராய்வாம்.

முதலாவது, கட்டளையே காணப்படவில்லை என்பது. நிரல்களைத் தேடவேண்டிய அடைவுகளை "பாத்" என்னும் மாறி நிரல்படக் கூறும். விண்டோஸில் அரைப்புள்ளியும், லினக்ஸ், மேக் ஆகியவற்றில் முக்காற்புள்ளியும் அவற்றைப் பிரிக்கும். புதிய அடைவைச் சேர்ப்போர் பழைய மதிப்பையும் உடன்வைத்தெழுதுக. இன்றேல் ஏனைக் கட்டளைகளும் மறைந்தொழியும்.

இரண்டாவது, பைத்தான் காணப்படவில்லை என்பது. சில பொதிகள் சி++ மொழியிலான பகுதிகளை உடையன. அவற்றைத் தொகுக்கும் நோட்-ஜிப் என்னும் கருவிக்குப் பைத்தானும் சி++ தொகுப்பியும் இன்றியமையாதன. பைத்தானை நிறுவி, வேண்டின் அதன் இருப்பிடத்தைப் "பைத்தான்" என்னும் பெயருடைய மாறியிற் குறித்தல் தீர்வாம்.

மூன்றாவது வஞ்சகமானது, பிழைச்செய்தியே தாராது. "நோட்_என்வி" என்னும் மாறி "புரொடக்சன்" என்றிருப்பின், உருவாக்கத்திற்கு மட்டும் வேண்டும் பொதிகளை என்பிஎம் நிறுவாது விடும். பின்னர்ச் சோதனைக் கருவி காணோமென்று மயங்குவோம். அம்மாறியை நீக்கி மீண்டும் நிறுவுக.

நான்காவது, அமைப்புக் கோப்பில் மாறியை நிரப்ப இயலவில்லை என்பது. தனிக் களஞ்சியத்தின் நுழைவுச் சாவியைக் குறிக்கும் மாறிக்கு மதிப்பளியாதவிடத்து இது தோன்றும். இதற்கஞ்சிச் சாவியையே கோப்பில் எழுதிப் பொதுவில் வெளியிடுதல் பெருங்கேடு. அதனைக் காண்போர் எவரும் நம் பெயரால் உள்நுழைதல் கூடும். மாறிக்கு மதிப்பளிப்பதே முறை.

இவற்றையெல்லாம் ஆராய்தற்குரிய ஒழுங்கு எளிது. செய்தியின் இறுதி வரியை மட்டுமன்றி முதற்கண் தோன்றிய பிழையைப் படித்தல்; நிரல் காணும் மதிப்பு யாதென அம்முனையத்திலேயே அச்சிட்டுப் பார்த்தல்; ஒன்றை மட்டும் திருத்தி மீண்டும் முயலல். நோய் இன்னதென்று தெளியுமுன் மருந்தூட்டுதல் மருத்துவர்க்கு அழகன்று. காரணம் அறியுமுன் யாவற்றையும் அழித்து நிறுவுதல் மாணாக்கர்க்கும் அழகன்று.