அனுப்பாமல் அழித்த வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காணாமல் போன தங்கையை அண்ணன் தேடும் கதையை, முழுக்க லேப்டாப் திரையிலும் போன் திரையிலுமே சொல்லப்போவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு நீ தரும் காரணம் செலவு. லொகேஷன் வேண்டாம், கிரேன் வேண்டாம், ஒரு வாரத்தில் ஷூட்டிங்கை முடித்துவிடலாம் என்கிறாய். இந்தக் காரணத்தை மட்டும் நம்பி இறங்காதே. காணாமல் போன மகளைத் தகப்பன் இப்படியே திரைகளில் தேடும் அனீஷ் சகந்தியின் 'சர்ச்சிங்' (2018) உன் மனத்தில் இருப்பது தெரிகிறது. பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து, உலகெங்கும் ஏழு கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். நடிகர்களை வைத்து எடுத்தது 13 நாள்தான். உன் கண் அந்த 13-லேயே நின்றுவிட்டது. ஷூட்டிங்குக்கு முன்பே வில் மெரிக், நிக் ஜான்சன் என்ற இரண்டு எடிட்டர்கள் ஏழு வாரம் உட்கார்ந்து முழுப் படத்துக்கும் ஒரு மாதிரி வடிவத்தைச் செய்தார்கள். அதில் எல்லாப் பாத்திரத்தையும் இயக்குநரே நடித்துக் காட்டினார். ஷூட்டிங் முடிந்த பிறகு எடிட்டிங்கும் அனிமேஷனும் ஒரு வருடத்தைத் தாண்டின. கேமராவில் மிச்சமான பணமும் உழைப்பும் எடிட்டிங் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த இரண்டு எடிட்டர்களும் 2023-இல் இதே பாணியில் 'மிஸ்ஸிங்' படத்தை இயக்கினார்கள். 2020-இல் மலையாளத்தில் 'சீ யூ சூன்' எடுத்த மகேஷ் நாராயணனும் எடிட்டராகத் தொடங்கியவர்தான். இது யாருடைய கலை என்பது இதிலிருந்தே உனக்குப் புரியும்.

சரி, அவ்வளவு பாடுபட்டு இந்த வடிவத்தில் ஏன் எடுக்க வேண்டும்? வேறு எந்த வகைப் படத்தாலும் எளிதில் காட்ட முடியாத ஒன்று இதற்கு வாய்த்திருக்கிறது. ஒருவன் சொல்ல நினைத்ததும் கடைசியில் சொன்னதும் ஒரே இடத்தில், அடுத்தடுத்து, பார்வையாளன் கண்முன் தெரியும். நாவலில் ஆசிரியர் பாத்திரத்தின் மனத்துக்குள் நுழைந்து சொல்லிவிடுவார். நாடகத்தில் தனிமொழி உண்டு. சினிமாவுக்கு முகமும் பின்னணிக் குரலும்தான் துணை. திரையில் தட்டச்சு செய்யும் விரலோ தன்னையறியாமல் சாட்சி சொல்கிறது. 'சர்ச்சிங்' படத்தில் தகப்பன் டேவிட், மகளுக்குச் செய்தி எழுதும்போது இறந்துபோன அம்மாவைப் பற்றி ஒரு வரியைத் தட்டுகிறான். கர்சர் நின்று துடிக்கிறது. பிறகு அதை அழித்துவிட்டு மற்றதை மட்டும் அனுப்புகிறான். மகள் பார்க்காத அந்த வரியை நாம் பார்த்துவிட்டோம். அவர்கள் இருவருக்கும் இடையில் என்ன உடைந்திருக்கிறது என்பதற்கு அதற்குப் பிறகு வசனமே தேவையில்லை. தொடக்கத்தில் குடும்பக் கம்ப்யூட்டரின் நாட்காட்டியில், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாள் குறிக்கப்படுகிறது, தள்ளிப்போகிறது, பிறகு நீக்கப்படுகிறது. ஒரு மரணத்தை இத்தனை சிக்கனமாகச் சொன்ன காட்சிகள் அண்மைக்கால சினிமாவில் அதிகமில்லை என்பது என் கணிப்பு. இதற்கு முன்பே 'அன்ஃபிரண்டட்' (2014) என்ற பேய்ப்படத்திலும் கதாநாயகி காதலனுக்கு எழுதுவதும் அழிப்பதும் மாற்றி எழுதுவதுமாக இருப்பாள். அந்தப் படத்தில் பேயைவிட அந்தப் பின்வாங்கல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உன் படத்தின் த்ரில் தகவலில் இல்லை, தயக்கத்தில் இருக்கிறது. நீ எழுதியிருக்கும் முப்பது காட்சிகளில் பெரும்பாலானவை தகவல் பலகைகள். அண்ணன் ஒரு கோப்பைத் திறக்கிறான், துப்பு கிடைக்கிறது. இன்னொன்றைத் திறக்கிறான், அடுத்த துப்பு. இப்படிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2025-இல் வந்த 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' போதும். ஐஸ் கியூப் மேசையில் உட்கார்ந்து உலகம் அழிவதை ஜன்னல் ஜன்னலாகத் திறந்து பார்க்கிறார். எல்லாத் திரையும் செய்தி வாசிக்கிறது, எதிலும் ஒரு மனிதனின் தடுமாற்றம் பதியவில்லை. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே ராப் சாவேஜின் 'ஹோஸ்ட்' (2020) படத்தை வைத்துப் பார். பிரிட்டன் ஊரடங்கில் நடிகர்கள் தத்தம் வீட்டில் இருந்தபடியே எடுத்த, ஒரு மணி நேரம்கூட ஓடாத படம். ஜூம் அழைப்பில் ஒருத்தி தன் பின்னணியாகத் தன்னுடைய வீடியோவையே ஓடவிட்டிருக்கிறாள். அந்தப் பொய் உருவம் திரும்பத் திரும்ப வந்துபோகும்போது, அசல் ஆள் எங்கே என்ற கேள்வி வயிற்றைப் பிசைகிறது. அங்கே மென்பொருள் வெறும் சட்டகமாக இல்லை, கதையை அதுவே நடத்துகிறது. 'சர்ச்சிங்' படத்தில் மகளின் அழைப்புகள் நள்ளிரவில் வந்து ஓய்வது இதைவிட எளிமையானது. அப்பா தூங்குகிறார், ஸ்கிரீன்சேவர் ஓடுகிறது, எடுக்க ஆள் இல்லை. நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. பதற்றத்துக்கு அது போதும்.

இது வெறும் வித்தை, நாலு படத்தோடு சலித்துவிடும் என்று உன் தயாரிப்பாளர் சொல்வார். வித்தையாக மட்டும் எடுத்தால் அவர் சொல்வது சரி. ஆனால் 'சீ யூ சூன்' ஏன் நிலைத்து நின்றது என்று அவரிடம் கேள். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவன், செயலியில் பழகிய பெண், ஊரில் இருக்கும் உறவுகள்: இவர்களுடைய வாழ்க்கையே வீடியோ அழைப்பில்தான் நடக்கிறது. நிச்சயமும் சண்டையும் சந்தேகமும் எல்லாம் அதற்குள்தான். அங்கே திரையை எடுத்துவிட்டால் கதையே இல்லை. உன் அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவர்களுக்குள் திரையில் மட்டுமே நடந்தது என்ன? இதற்குப் பதில் இல்லாவிட்டால் வழக்கமான கேமராவிலேயே எடுத்துவிடு, குற்றமில்லை. திரைக்குள் ஜூம் செய்வதும் பின்னணி இசை சேர்ப்பதும் ஏமாற்று என்று இன்னும் சிலர் சொல்வார்கள். 'அன்ஃபிரண்டட்' முழுத் திரையை அசையாமல் காட்டியது, 'சர்ச்சிங்' க்ளோசப்புக்குப் போனது. இதில் நான் சகந்தி பக்கம். திரை முன் இருப்பவனின் கண் எங்கே போகிறதோ அங்கே படமும் போவதில் பொய் ஏதும் இல்லை. அதே படம் பின்பாதியில், தகப்பன் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு, டிவி செய்திகளையும் ஒளித்துவைத்த கேமராக்களையும் தேடிப்போகிறது. அந்த இடங்கள் மட்டும் எனக்குத் தொய்வாகப்பட்டன. யாருடைய திரை, யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே பதில் நழுவிவிடுகிறது.

தமிழ் ரசிகன் திரையில் எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பானா என்று நீயே ஐயப்பட்டிருக்கிறாய். நியாயமான பயம். ஆங்கிலப் படத்தின் நீண்ட மின்னஞ்சல்களை அப்படியே பெயர்த்தால் தியேட்டரில் யாரும் பொறுக்கமாட்டார்கள். நம் ஜனங்கள் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் அதிகம் என்பதை அப்படியே பயன்படுத்திக்கொள். தங்கை ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசத் தொடங்குகிறாள், நொடிகள் ஏறுகின்றன, குரல் உடைகிறது, விரலை இடப்பக்கம் இழுத்து ரத்து செய்கிறாள். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எதையோ போட்டு நீக்கிவிட்டார் என்றால், அத்தனை பேரும் என்னவென்று கேட்காமலேயே யோசித்துக்கொண்டிருப்பார்கள். நீல டிக் விழுந்தும் பதில் வராத மதியம், 'டைப்பிங்' என்று காட்டி மறையும் பச்சை எழுத்து, கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைத்துவைத்திருக்கும் மச்சான் என்று கருவிகள் உன் கையிலேயே கிடக்கின்றன. நீயோ டார்க் வெப்பையும் ஹேக்கரையும் தேடி ஓடுகிறாய். பத்து வருடத்தில் இந்தச் செயலிகள் பழசாகிப் படமும் பழசாகிவிடுமே என்ற கவலையும் வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைக் குன்றைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு தலைமுறைக்குத் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வருகிறது. 'சர்ச்சிங்' தன் முதல் காட்சியை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திரைக்கதையில் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எழுது: முதலில் தட்டியது, அழித்தது, அனுப்பியது. எதையும் அழிக்காமல், தட்டியதும் அனுப்பியதும் ஒன்றாகவே இருக்கும் காட்சிகளில் பாதியை வெட்டிவிடு. நடிகர்களிடம் தேதி கேட்பதற்கு முன், உன் லேப்டாப்பிலேயே எல்லாக் குரலையும் நீயே பேசி, முழு நீளத்துக்கு ஒரு மாதிரி எடிட் செய். உன் நடிப்பைப் பற்றிக் கவலைப்படாதே, அதை யாரும் வெளியிடப்போவதில்லை. முதல் இருபது நிமிடம் தயாரானதும் அனுப்பு. பார்த்துவிட்டு ஷூட்டிங் எத்தனை நாள் என்று பேசுவோம்.

அன்புடன்,
மாமா