தசைக்கு எந்திரம் தெரியுமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் இன்று உடற்பயிற்சிக் கூடங்கள் பல உள்ளன. 'ஜிம்' என்று எல்லோரும் அழைக்கும் இக்கூடங்களுக்கு மாதக் கட்டணம் செலுத்தி இளைஞர்கள் செல்கின்றனர். 2020 மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இவை மூடப்பட்டன. பல மாதங்கள் திறக்கவில்லை. கருவிகள் பூட்டிய அறைக்குள் கிடந்தன. அவற்றைத் தூக்கியவர்கள் வீட்டுக்குள் இருந்தனர். "சேர்த்த பலமெல்லாம் போய்விடுமோ?" என்ற கவலை அப்போது பலருக்கு எழுந்தது. விடுமுறைக்குக் கிராமம் திரும்பும் கல்லூரி மாணவருக்கும், கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைக்கும், கூடத்துக்குச் செல்ல வாய்ப்பில்லாத பெண்ணுக்கும் இன்றும் அதே கேள்விதான். கருவிகள் இல்லாமல் உடல் வலுப்பெறுமா?

விடை காண, முதலில் தசை எவ்வாறு வலுவடைகிறது என்பதைப் பார்ப்போம்.

தசை அறிவது எது?

தசை என்பது மெல்லிய இழைகளின் கட்டு. நரம்பு வழியாகக் கட்டளை வந்ததும் இழைகள் சுருங்கி எலும்பை இழுக்கின்றன. வழக்கத்தைவிடச் சற்று மிகுதியான சுமை வந்தால், நரம்பு மேலும் பல இழைகளை வேலைக்கு அழைக்கிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் பலம் கூடுவதற்கு இதுவே முக்கிய காரணம். அதன் பிறகே இழைகள் மெல்ல மெல்லத் தடிக்கின்றன. அதற்குப் புரதம் நிறைந்த உணவும் நல்ல உறக்கமும் தேவை.

எனவே வேண்டியவை மூன்று: தக்க சுமை, அதைப் படிப்படியாக ஏற்றுதல், இடையே ஓய்வு. அந்தச் சுமை இரும்பா, தண்ணீரா, நம் உடலேதானா என்று தசைக்குத் தெரியாது. கூடத்திலுள்ள எந்திரங்கள் சுமையை அளந்து தருகின்றன, அது வசதிதான். அந்த அளவை நாமே கணக்கிடக் கற்றுக்கொண்டால் வீடே பயிற்சிக் கூடம் ஆகிவிடும்.

நம் உடலே எடைக்கல்

தண்டால் எடுக்கும்போது உடலின் எடை முழுவதும் கைகளில் விழுவதில்லை. ஒரு பங்கைக் கால்விரல்கள் தாங்குகின்றன. தரையில் கை ஊன்றி உடலை நேராக நிறுத்தினால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எடை கைகளுக்கு வருகிறது. 45 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு இது சுமார் 29 கிலோகிராம். கைகளைச் சுமார் 60 செ.மீ. உயரமுள்ள திண்ணையின் மேல் ஊன்றினால் அதே மாணவருக்குச் சுமை 18 கிலோகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். மாறாக, கைகளைத் தரையில் வைத்துக் கால்களை ஒரு படியின் மேல் ஏற்றினால் சுமை 31 கிலோகிராமைத் தாண்டும்.

முதலில் சுவர், பிறகு திண்ணை, பிறகு தரை, இறுதியில் படி. காசு செலவில்லாமல் நான்கு எடைக்கற்கள் கிடைத்துவிட்டன! பஸ்கிக்கும் இதே முறைதான். முதலில் வெறுங்கையோடு உட்கார்ந்து எழுந்திருக்கலாம். பிறகு தண்ணீர்ச் செம்பையோ சிறு குடத்தையோ மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். அதுவும் எளிதானால் சுவரைப் பிடித்தபடி ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் வைத்துச் செய்யலாம். பெரும்பகுதிச் சுமை அப்போது ஒரே காலுக்கு வந்துவிடும்.

கர்லாக்கட்டையின் கணக்கு

நம் நாட்டுப் பயில்வான்கள் நெடுங்காலமாகச் சுழற்றி வரும் மரக்கருவி கர்லாக்கட்டை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் இதைக் கண்டு தங்கள் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவியது. 1904இல் செயிண்ட் லூயிஸ் நகரிலும் 1932இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலும் நடந்த ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இருந்தது!

சிறிய கட்டை இவ்வளவு வேலை வாங்குவது எப்படி? 2 கிலோகிராம் இரும்புக் குண்டு ஒன்றைக் கையை நீட்டிப் பிடிப்பதாகக் கொள்வோம். தோளிலிருந்து உள்ளங்கை வரை 60 செ.மீ. எனில், தோள் மூட்டில் ஏற்படும் திருப்புத்திறன் 2 × 10 × 0.6 = 12 நியூட்டன் மீட்டர். இப்போது அதே எடையுள்ள கர்லாக்கட்டையைக் கைக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். கட்டையின் பருத்த முனை வெளியே இருப்பதால் அதன் ஈர்ப்பு மையம் உள்ளங்கையிலிருந்து இன்னும் 30 செ.மீ. தள்ளி நிற்கும். திருப்புத்திறன் 2 × 10 × 0.9 = 18 நியூட்டன் மீட்டர். அதாவது 2 கிலோகிராம் கட்டை, தோளுக்கு 3 கிலோகிராம் குண்டாகத் தோன்றுகிறது. எடை மாறவில்லை, தூரம் மாறியது. நெம்புகோல் பாடத்தில் படித்ததும் இதுதான்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சி புதுமையன்று. ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலி, வீட்டில் பயன்படுத்தும் சிறு கருவிகளையும் பயிற்சி நூல்களையும் விற்றுப் புகழ் பெற்றவர். 1904-05இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். புதுக்கோட்டையில் பிறந்த திரைப்பட இயக்குநர் ராஜா சாண்டோ அவர் பெயரைத் தாங்கியவரே. நாம் அணியும் 'சாண்டோ பனிய'னிலும் அந்தப் பெயர் வாழ்கிறது.

கிணற்று ராட்டினம்

தண்டால் தள்ளும் பயிற்சி. முதுகுத் தசைகளுக்கு இழுக்கும் பயிற்சி வேண்டும். கூடத்தில் இதற்கென ஓர் எந்திரம் உண்டு: மேலே உருளை, அதில் ஒரு கம்பி வடம், மறுமுனையில் இரும்புத் தகடுகள். உற்று நோக்கினால் இது நம் கொல்லைக் கிணற்று ராட்டினமே! நிலையான ஒற்றை உருளை விசையைக் குறைப்பதில்லை. திசையை மட்டுமே மாற்றும். ஆகவே 10 லிட்டர் நீருள்ள வாளியை இழுப்பவர் 10 கிலோகிராமுக்குச் சற்று மேலாகவே இழுக்கிறார். கைப்பிடிச் சுவருள்ள கிணற்றில், பெரியவர் துணையோடு மட்டுமே இறைக்க வேண்டும். கிணறு இல்லாதவர்கள் உறுதியான மரக்கிளையில் தொங்கிப் பழகலாம். முருங்கைக் கிளை வேண்டவே வேண்டாம். அது சட்டென ஒடிந்துவிடும்.

வயல் வேலையே போதாதா?

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. நெல் குத்திய உலக்கையும் நீர் இறைத்த ஏற்றமும் கடும் உழைப்பைக் கேட்டவை. அரவை ஆலையும் மோட்டாரும் அறுவடை எந்திரமும் வந்தபின் அந்த உழைப்பு பெரிதும் குறைந்துவிட்டது. உடல் இழந்த சுமையை நாமே திட்டமிட்டுத் தர வேண்டியுள்ளது. ஆனால் உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. நாற்று நடும் பெண்கள் மணிக்கணக்கில் குனிந்தே நிற்கின்றனர். ஒரே தசைகள் ஓய்வின்றி வருந்துகின்றன, முதுகு வலிக்கிறது. பயிற்சியில் சுமையின் அளவும் ஓய்வும் நம் கையில் உள்ளன. நடவு நட்டு வந்த அம்மாவுக்கு மேலும் பஸ்கி தேவையில்லை. முதுகை நிமிர்த்தும் எளிய அசைவும் ஓய்வுமே தேவை.

தொடங்குவது எப்படி?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்றும், வாரம் 3 நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தள்ளுதல், இழுத்தல், உட்கார்ந்து எழுதல் ஆகிய மூன்றையும் செய்யுங்கள். இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. மூட்டில் வலி கண்டால் உடனே நிறுத்துங்கள். இருதய நோய், ஆஸ்துமா போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். தேர்வு நேரத்தில் ஓரிரு வாரம் விட்டுப்போனால் அஞ்ச வேண்டாம். பலம் அவ்வளவு விரைவில் போய்விடாது.

செய்து பாருங்கள்

1. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நெல், ஒன்றில் நீர், ஒன்றில் உலர்ந்த ஆற்று மணல் நிரப்பி எடை போடுங்கள். நெல் அரைக் கிலோவுக்குச் சற்று மேலும், நீர் ஒரு கிலோவும், மணல் ஒன்றரைக் கிலோ அளவிலும் இருக்கும். காரணம் என்ன? மூன்று எடைகள் கொண்ட உங்கள் முதல் பயிற்சிக் கருவியும் தயார்!

2. பள்ளியில் ஆள் எடை பார்க்கும் தட்டையான கருவியின் மேல் கைகளை ஊன்றித் தண்டால் நிலையில் நில்லுங்கள். நண்பர் எடையைக் குறிக்கட்டும். கருவியைத் தரையிலும், பிறகு உறுதியான பெஞ்சின் மேலும் வைத்து அளந்து, உங்கள் எடையில் அது எத்தனை பங்கு என்று கணக்கிடுங்கள்.

3. அந்த எண்ணையும், அன்று எடுத்த தண்டால்களையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து அதே நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கருவி இல்லாமல் உடல் வலுப்பெறுமா என்ற கேள்விக்கு விடை உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.