தேர்வறைக்கு வராத பிள்ளைகள்

நம்பிக்கை: பிளஸ் டூவில் 95 சதவீதம் தேர்ச்சி. அப்படியானால் நூற்றுக்கு ஐந்து பேர்தான் பின்தங்குகிறார்கள்.

2025-இல் தமிழ்நாட்டின் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். பெருமைக்குரிய எண்தான். ஆனால் அது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பத்தாம் வகுப்போடு நின்றவர்களும், பிளஸ் ஒன்னில் பாதியில் கிளம்பியவர்களும், ஹால் டிக்கெட் வந்தும் எழுத வராதவர்களும் அதில் இல்லை. 2023 மார்ச்சில், பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. கொரோனா ஆண்டில் பத்தாம் வகுப்பில் 'ஆல் பாஸ்' பெற்று மேல்நிலைக்கு வந்து, பிறகு பள்ளிப் பக்கமே தலைகாட்டாதவர்கள் அவர்களில் பலர் என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. பதிவேட்டில் பெயர் இருந்தது, வகுப்பில் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளையை வீடு தேடிப் போய் அழைக்க வேண்டிய நேரம் தேர்வு மாதம் அல்ல. பிளஸ் ஒன் தொடங்கிய புதிதில் காரணம் சொல்லாமல் ஒரு வாரம் வராமலிருந்தானே, அப்போதே போயிருக்க வேண்டும்.

நம்பிக்கை: ஃபெயிலானால் ஒரு வருஷம் போச்சு.

போகாது. அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வந்துவிடும். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு. ரிசல்ட் வரும் நாளில், திட்டுவதற்கு முன்னால் வீட்டில் யாராவது இதைச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் காலேஜ் எட்டாது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. உண்மையில் காலை இடறிவிடுவது தாள்கள்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் இன்னொன்று என்றால் திருத்தி வாங்குவதற்குள் கலந்தாய்வுத் தேதியே முடிந்துவிடும். வீட்டில் யாரும் கல்லூரி வாசல் மிதிக்காதபோது இதையெல்லாம் முன்கூட்டி யார் சொல்வார்கள்? பிளஸ் டூ தொடங்கும் ஜூனிலேயே வகுப்பாசிரியர் ஒவ்வொருவரின் தாள்களையும் வாங்கிச் சரிபார்ப்பது, ஒரு மாதம் சிறப்பு வகுப்பு எடுப்பதைவிடப் பெரிய உதவி.

நம்பிக்கை: கல்லூரிக்குத் தயாராவது என்றால் கோச்சிங் சென்டர்.

மருத்துவத்துக்கு நீட் உண்டு. ஆனால் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் இடங்களுக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். தயாராக வேண்டியது வேறொன்றுக்கு. தமிழ் வழியில் படித்தவரை முதல் செமஸ்டரில் திணறடிப்பது ஆங்கிலத்தில் நடக்கும் பாடம். அரியர் விழுவதும், சொல்லாமல் ஊருக்குத் திரும்புவதும் அங்கேதான். நம் பாடநூல்களில் இரு வழிக்கும் பாடம் ஒன்றே. தேர்வு முடிந்த ஏப்ரலில், ஏற்கெனவே புரிந்து படித்த இயற்பியலையும் கணக்கையும் ஆங்கில வழிப் புத்தகத்தில் இன்னொரு முறை படியுங்கள். பக்கத்து வகுப்புத் தோழரிடம் கேட்டாலே புத்தகம் கிடைக்கும்.