சேறு காத்த வரலாறு

நுழையும்முன்

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறுகின்றன. எழுத்தறியாத காட்டின் வரலாற்றைக் கூறுவது எது? நீலகிரி மலையின் சதுப்பு நிலச் சேறு அவ்வரலாற்றைக் காத்து வைத்திருந்தது. அதனைப் படித்தறிந்த முறையை இப்பாடம் விளக்குகிறது.

பீட் உருவாகும் முறை

மண்ணில் விழும் இலை, வேர், புல் ஆகியவற்றை நுண்ணுயிரிகள் மட்கச் செய்கின்றன. இச்செயல் விரைந்து நடைபெற ஆக்சிஜன் தேவை. நீர் தேங்கிய குளிர்ந்த நிலத்தில் ஆக்சிஜன் குறைவு. எனவே, அங்கு விழும் தாவரங்கள் முழுமையாக மட்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கரிய மென்மையான அடுக்குகளாகின்றன. இப்படிவைப் ‘பீட்’ என்றும் ‘முற்றா நிலக்கரி’ என்றும் அழைப்பர். ஓர் ஆண்டில் படியும் அளவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தாவரம் கைக்குக் கிடைக்கும்.

கனடா, பின்லாந்து, சைபீரியா முதலிய வடபகுதிகளில் ஊசியிலை மரங்களும் பாசியும் வளரும் பீட் நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, பனிப்பாளங்கள் உருகி விலகிய பின்னர்த் தோன்றியவை. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு உட்பட்டவை. நீலகிரியை அத்தகைய பனிப்பாளங்கள் மூடவில்லை. ஆதலால், அதன் சதுப்புகளில் அதற்கும் முற்பட்ட காலத்தின் தடயங்கள் உள்ளன.

சேற்றைப் படித்த அறிஞர்கள்

நீலகிரியில் 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மலைச்சரிவுகள் புல்வெளியாகவும், பள்ளங்கள் அடர்ந்த சோலைக்காடாகவும் காணப்படுகின்றன. நீர் தேங்கும் தாழ்வுகளில் சதுப்புகள் அமைந்துள்ளன. இப்புல்வெளி இயற்கையானதா, மனிதர் காட்டை எரித்தும் வெட்டியும் உண்டாக்கியதா என்ற வினா நெடுங்காலம் நிலவியது.

பீன்யாவிலிருந்து தும்கூர் சாலை வழியே நகருக்குள் சென்றால், யஷ்வந்தபுரத்தை அடுத்து இந்திய அறிவியல் கழகம் உள்ளது. அங்குப் பணியாற்றிய இரா. சுகுமார், பிற ஆய்வு நிறுவனங்களின் அறிஞர்களோடு இணைந்து நீலகிரியின் பீட் அடுக்குகளை ஆராய்ந்தார். ஆய்வின் முடிவு 1993ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

அவர்கள் கையாண்ட முறை இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, காலத்தை அறிதல். இறந்த தாவரத்தில் உள்ள கார்பன்-14, ஏறத்தாழ 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சிய அளவைக் கொண்டு அடுக்கின் வயதைக் கணக்கிடலாம். இரண்டாவது, தாவர வகையை அறிதல். சோலை மரங்களும் வறட்சியைத் தாங்கும் புற்களும் காற்றிலிருந்து கார்பனைப் பெறும் முறையில் வேறுபடுகின்றன. அத்தகைய புல்லில் கார்பன்-13இன் விகிதம் சற்று மிகுதி. அவ்விகிதத்தை அளந்தால் அவ்வடுக்கு உருவான காலத்தில் எவ்வகைத் தாவரம் மிகுந்திருந்தது என்பது விளங்கும்.

சேறு கூறிய செய்தி

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் கடுங்குளிரில் இருந்தபோது, நீலகிரி வறண்டிருந்தது. அங்குப் புல்லே மிகுந்திருந்தது. பின்னர்த் தென்மேற்குப் பருவமழை வலுப்பெற்றது. ஈரத்தை விரும்பும் தாவரங்கள் பெருகின. அதன்பின் மீண்டும் வறண்ட காலம் வந்தது. இவ்வாறு மழைக்கேற்பச் சோலையும் புல்வெளியும் விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளன. உலகில் வேளாண்மை தோன்றுவதற்கு முன்னரே அங்குப் புல்வெளி இருந்தது என்பதும் உறுதியாயிற்று.

இவ்வுண்மை அறியப்படுவதற்கு முன்னரே இழப்பு நேர்ந்துவிட்டது. புல்வெளியைப் பயனற்ற வெற்றுநிலமாகக் கருதியோர், 19ஆம் நூற்றாண்டு முதல் அங்கு ஆஸ்திரேலியாவின் தைலமரங்களையும் சீகை மரங்களையும் நட்டனர். சதுப்புகள் பல வடிக்கப்பட்டு விளைநிலங்களாயின. தோதவர் தம் எருமைகளை மேய்த்த புல்வெளிகள் சுருங்கின. தம் கோயிற்கூரை வேய்வதற்கு அவர்கள் பயன்படுத்தும் சதுப்பு நிலப் புல்லும் அரிதாயிற்று.

புல்வெளியும் சதுப்பும் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. அந்நீர் மோயாறு, குந்தா முதலிய ஆறுகளில் சேர்ந்து, பவானி வழியே காவிரியை அடைகிறது. சதுப்பை வடித்தால் பீட்டில் காற்றுப் புகும். பல்லாயிரம் ஆண்டுகள் காக்கப்பட்ட தாவரம் சில ஆண்டுகளிலேயே மட்கத் தொடங்கும். நீரைத் தாங்கும் ஆற்றல் குறைவதோடு, அதிலுள்ள வரலாறும் அழியும். மரம் நடுதல் நற்செயலே. எனினும், நடுமுன் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

சதுப்பு – நீர் ஊறிய சேற்று நிலம்
படிவு – படிந்து உருவானது
பனிப்பாளம் – நிலத்தை மூடிய தடித்த பனிக்கட்டி
வேய்தல் – கூரை அமைத்தல்

பயிற்சி

1. சதுப்பு நிலத்தில் தாவரங்கள் முழுமையாக மட்காமைக்குக் காரணம் யாது?
2. நீலகிரிப் புல்வெளி பழைமையானது என்பதை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர்?
3. பிரித்து எழுதுக: பல்லாயிரம், நற்செயல், மலைச்சரிவு.
4. ‘வெற்றுநிலம் என்று ஒன்று உண்டா?’ – இத்தலைப்பில் பத்து வரிகள் எழுதுக.
5. செயல்பாடு: உம் சொந்த ஊரில் உள்ள ஏரி, குளம் அல்லது மேய்ச்சல் நிலம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வாறு இருந்தது என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வருக.