பட்டமும் தொட்டிலும்

கல்வியின் பயன் இன்னதென்று கூறப்புகுந்தோர் பலரும் அறிவு வளர்ச்சியையே முதற்கண் வைத்தனர். அது பொருத்தமே. ஆயினும், பட்டம் பெற்று வெளிச்செல்லும் ஒருவர் தம் நெஞ்சோடு தனித்திருந்து எண்ணும்பொழுது எழும் முதல் வினா, "நமக்கு உத்தியோகம் எப்பொழுது கிடைக்கும்?" என்பதேயாம். இவ்வினா பட்டதாரிகள் யாவர்க்கும் பொதுவாயினும், ஒரு சாரார்க்கு அதன் பாரம் இருமடங்காகும். பட்டம் பெறுதற்கு முன்னரே மக்கட்பேறு எய்தியவரே அச்சாரார். அவர்தம் இடர்ப்பாட்டின் இயல்பு யாது, அஃது எங்ஙனம் விளைகின்றது, அதனைக் களையும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மாணவர் என்றால் மணமாகாதவர் என்று கருதிய காலம் ஒன்றிருந்தது. இன்று அக்கருத்துப் பொருந்தாது. அஞ்சல்வழியாகவும் தொலைநிலையிலும் கற்கும் முறை நம் நாட்டில் வேரூன்றி நாற்பது ஆண்டுகட்கு மேலாயின. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டிலும் நிறுவப்பெற்றன. இவற்றின் வாயிலாகப் பட்டம் பெற்ற தாய்மாரும் தந்தையரும் பலர். இவரேயன்றி, கலாசாலையிற் பயிலுங்கால் இடையில் மணம் நேர்ந்து, கைக்குழந்தையோடு இறுதித் தேர்வு எழுதிய பெண்களும் உளர். பகலிற் கூலிவேலை செய்து மாலைக் கலாசாலையிற் பயின்ற குடும்பத் தலைவரும் உளர். குழந்தை உறங்கிய பின் விளக்கேற்றிப் படித்த இவர்கள் பெற்ற பட்டமும் ஏனையோர் பெற்ற பட்டமும் ஒரே தாளில் அச்சிடப்பெற்றவையே. ஆனால், அப்பட்டத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு வாயில்தோறும் செல்லுங்கால் இருசாரார்க்கும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றன்று.

அதற்குரிய காரணங்களுள் முதலாவது, முதல் உத்தியோகத்திற்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறை. பெரிய நிறுவனங்கள் பல, இறுதியாண்டு மாணவரைக் கலாசாலை வளாகத்திற்கே வந்து தேர்ந்தெடுக்கின்றன. அந்நாளில் மகப்பேற்றிற்காக வீட்டிலிருந்த பெண்ணும், தொலைநிலையிற் பயின்ற தந்தையும் அவ்வரிசையில் நிற்க இயலாது. பின்னர் விண்ணப்பித்தாலோ, இன்ன ஆண்டில் தேறியவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்னும் விதி குறுக்கே நிற்கும். குழந்தையை வளர்த்த மூன்று ஆண்டுகள் விண்ணப்பத்தில் ஒரு வெற்றிடமாகக் காணப்படுகின்றன. அவ்வாண்டுகளில் அவர் ஒரு நாளேனும் ஓய்ந்திருந்தாரல்லர் என்பதை அறிவிக்க அத்தாளில் இடமில்லை.

இரண்டாவது, முதல் வேலைக்கே முன்னனுபவம் கேட்கும் வழக்கம். நீந்தத் தெரிந்தவரை மட்டுமே குளத்தில் இறங்க விடுவோம் என்பது போன்றது இது. அனுபவம் பெறுவதற்காக ஊதியமின்றியோ சிற்றூதியத்திற்கோ சில திங்கள் பணிபுரியலாம் என்பர். தம் தந்தையார் வீட்டிற் சோறுண்ணும் இளைஞர்க்கு அஃது இயலும். தம்மை நம்பி வீட்டில் உலை காத்திருக்கும் தந்தைக்கு அஃது எங்ஙனம் இயலும்? ஆதலின் அவர் தம் படிப்பிற்கு ஏற்காத வேலையொன்றில், கையிற் கிடைக்கும் கூலி கருதி, அமர்ந்துவிடுகின்றார். பின்னர் அவ்வேலையே அவருக்கு அடையாளமாகிவிடுகின்றது. பட்டம் பெட்டியில் உறங்குகின்றது.

மூன்றாவது, நேர்முகத் தேர்வில் எழும் ஒரு வினா. "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்?" என்பதே அது. இவ்வினா பெண்ணையே நோக்கி எழுவது. அதே அறையில் அதே நாளில் வந்த ஆடவரிடம் எவரும் இதனை வினவுவதில்லை. இவ்வினாவிற்கு அஞ்சித் தமக்குக் குழந்தை உண்டென்பதையே விண்ணப்பத்தில் மறைப்பார் உளர். தான் ஈன்ற மகவைத் தானே மறைக்குமாறு ஒரு தாயைத் தூண்டும் நிலையினும் இழிந்தது ஒன்றுண்டோ? உத்தியோகம் கிடையாமையால் வரும் மனப்புழுக்கத்தினும், இவ்வாறு மறைப்பதால் வரும் புண்ணே ஆழமானது என்பது நம் கருத்து.

இஃது வெறும் ஐயப்பாடென்று சிலர் எண்ணலாம். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் சமூகவியல் அறிஞர் ஷெல்லி கொரெல் என்பாரும் உடனாய்வாளரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கல்வியிலும் திறமையிலும் சமமான இரு பெண்கள் எழுதியனபோல விண்ணப்பங்களை அமைத்து, ஒன்றில் மட்டும் அவர் பெற்றோர் சங்கமொன்றிற் பொறுப்பு வகிப்பவர் என்னும் குறிப்பைச் சேர்த்து, உண்மையான வேலை விளம்பரங்கட்கு அனுப்பினர். தாயல்லாதவர்க்கு வந்த அழைப்புகள் தாய்க்கு வந்தவற்றினும் ஏறத்தாழ இருமடங்கு. ஆடவர் பெயரில் அனுப்பிய விண்ணப்பங்களிலோ, தந்தையாயிருத்தல் எவ்விதக் குறையும் விளைக்கவில்லை. ஆராய்ந்தது அயல்நாட்டு நகரமாயினும், நேர்முகத் தேர்வு அறையில் நம் நாட்டுப் பெண்கள் கேட்கும் வினாவும் இம்மனப்பான்மையின் மகவே.

நம் நாட்டில் இதற்கு எதிராக எழுந்த வழக்குகள் இரண்டினை மாணவர் அறிந்திருத்தல் நன்று. சென்னைப் பெண்கள் கிறித்துவக் கலாசாலையிற் பயின்றவர் சி. பி. முத்தம்மா அம்மையார். அவர் 1949-ஆம் ஆண்டில் இந்திய வெளியுறவுப் பணியில் முதற்பெண்ணாகச் சேர்ந்தார். அப்பணியின் விதிகளுள், பெண் அலுவலர் மணஞ்செய்யுமுன் அரசின் எழுத்து மூலமான அனுமதி பெறவேண்டுமென்றும், குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறெனக் கண்டால் அவரை விலகச் செய்யலாமென்றும் ஒன்றிருந்தது. மணமான பெண் எவரும் அப்பணி நியமனத்தை உரிமையாகக் கோர இயலாது என்று மற்றொன்று கூறிற்று. அம்மையார் உச்சநீதிமன்றம் சென்றார். 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பில் இவ்விதிகள் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. ஆடவர்க்கும் குடும்பக் கடமை உண்டன்றோ, அஃது அவர் பணிக்கு மட்டும் இடையூறாகாதோ என்பதே அத்தீர்ப்பின் கருத்து. மற்றொன்று, 1991-இல் முடிவான வழக்கு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் பணியேற்ற ஒரு பெண், தாம் நிரப்பிய படிவத்தில் கருவுற்றமை பற்றிய செய்தியை மறைத்தார் எனப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஒரு பெண்ணின் நாணத்தைப் புண்படுத்தும் அத்தகைய வினாக்களைப் படிவத்தினின்றே நீக்குமாறும், அவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

நிற்க. சட்டம் இத்துணை செய்திருக்க, குறை எங்குள்ளது எனின், கூறுவாம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பெற்றது. அதனால் முதலிரு மகப்பேற்றிற்கு ஊதியத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்தினின்றும் 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பதின்மர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காணலாமென்றும் விதி ஏற்பட்டது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றன. இவையாவும் போற்றத்தக்கனவே. ஆனால், மகப்பேற்றிற்கு முந்திய ஓராண்டில் 80 நாளேனும் பணிபுரிந்தவர்க்கே அவ்விடுப்பு உரியது. பணியில் அமர்ந்தவர்க்கே அக்காப்பகம் திறக்கும். சுருங்கக் கூறின், இச்சட்டம் வாயிலுக்கு உட்புறத்தே இருப்பவரைக் காக்கின்றது. வாயிற்படியில் நிற்பவருக்கு அதன் நிழல் எட்டுவதில்லை. ஆள் சேர்க்கையில் ஆண் பெண் வேற்றுமை கூடாதென 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது மெய்யே. எனினும், பெற்றோர் என்பதனால் ஒருவரைத் தள்ளுதல் கூடாதென்று அது பெயர் சுட்டிக் கூறவில்லை.

விடுப்பூதியத்தின் செலவு பெரும்பாலும் முதலாளியையே சார்தலின், அவர் அஞ்சுகின்றார் என்பர். அவ்வச்சத்தையும் சிறிது ஆய்ந்து பார்ப்போம். விடுப்பிற்கு அஞ்சுபவர், குழந்தைகளை ஏற்கெனவே பெற்றுமுடித்தவரை விரும்பியன்றோ ஏற்கவேண்டும்? இரு மக்களை உடையவர்க்கு அடுத்த மகப்பேற்றில் 12 வார விடுப்பே உரியது. அவ்வாறிருந்தும் அவரையே முதலிற் புறந்தள்ளுவது, இவ்வச்சம் கணக்கினின்றும் பிறந்ததன்று, வழக்கத்தினின்றும் பிறந்தது என்பதைக் காட்டுகின்றது.

இக்காரணத்தாலேயே அரசுப்பணித் தேர்வுகளை நம் தாய்மார் பெரிதும் நாடுகின்றனர். விடைத்தாளைத் திருத்துவோர் எழுதியவருக்குக் குழந்தை உண்டா என வினவுவதில்லை. தமிழ்நாட்டில் 1989 முதல் அரசு வேலைகளில் நூற்றுக்கு 30 இடம் பெண்கட்கு ஒதுக்கப்பெற்றது. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் ஏழாண்டே செல்லும் என்றிருந்த விதி 2021-இல் மாறி, வாழ்நாள் முழுதும் செல்லுவதாயிற்று. குழந்தைக்காகச் சில ஆண்டு தங்கிய தாய்க்கு இது பேருதவி. ஆயினும், இடங்கள் சில. எழுதுவோர் மிகப் பலர். காத்திருக்கும் ஆண்டுகளில் குழந்தை வளர்கின்றது, வயதும் ஏறுகின்றது. ஆதலின் அரசு வாயில் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது.

மக்களைப் பெற்ற பின் கற்றுத் தொழில் மேற்கொள்ளுதல் இயலாதென்பார்க்கு விடையாக நம் சென்னை நகரத்து வரலாறொன்று உண்டு. மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, வழக்கறிஞராகிய கணவருடன் 1866-இற் சென்னைக்கு வந்தவர். ஆடவர் மருத்துவம் செய்ய ஒவ்வாத கோஷாப் பெண்கள் பிரசவத்திற் படும் துயரைக் கேள்வியுற்று, மூன்று மக்கட்குத் தாயான பின்னர், 1875-இற் சென்னை மருத்துவக் கலாசாலையில் வேறு மூன்று பெண்களோடு சேர்ந்து பயின்றார், 1878-இற் தேறினார். பின்னர் இலண்டன் சென்று 1882-இற் பட்டம் பெற்று, மறு ஆண்டே சென்னைக்குத் திரும்பினார். 1885-இல் அவர் முயற்சியால் தோன்றிய பெண்கள் மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியிற் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என விளங்குகின்றது. இவ்வரலாற்றைக் கேட்டு, "ஊக்கமிருந்தால் எல்லாம் இயலும்" என்று மட்டும் கூறி அமைதல் பிழையாகும். ஊக்கத்தோடு வேறு இரண்டும் அவர்க்கு வாய்த்தன. அந்நாளைத் தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபர் பெண்களைச் சேர்த்துக்கொள்ள இசைந்து கதவைத் திறந்தார். வீட்டிற் பொருளும் துணையும் இருந்தன. திறமை, திறந்த கதவு, குழந்தைக்குக் காவல் ஆகிய மூன்றும் கூடிய இடத்தே தாய் மருத்துவரானார். இம்மூன்றனுள் முதலாவதை மட்டுமே நம் பட்டதாரிகளிடம் எதிர்பார்த்து, ஏனைய இரண்டையும் மறந்துவிடுதல் நீதியன்று.

இனிச் செய்யத்தக்கன யாவை? வேலை நாடுவோர் தம் விண்ணப்பத்தில் இடைப்பட்ட ஆண்டுகளை மறையாது ஒரே வரியிற் கூறி, அக்காலத்துப் பயின்றதையும் செய்ததையும் அடுத்து எழுதுக. குழந்தைக்குத் துணை யார் என்பதை வினவுமுன் தாமே தீர்மானித்து, வினவின் ஒரு வாக்கியத்தில் விடைகூறி, பேச்சைத் தம் தகுதியின்பாற் செலுத்துக. வேலைவாய்ப்பகப் பதிவை மூன்றாண்டிற்கு ஒருமுறை புதுப்பித்தலை மறவற்க. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தொழிற்பழகுநர் சட்டம் பட்டதாரிகட்கும் இடமளிக்கின்றது; உதவித்தொகையோடு கூடிய அப்பயிற்சி, அனுபவமில்லை என்னும் குறையைத் தீர்க்கும். கணவன்மாரும் ஒன்று செய்க: குழந்தையின் காய்ச்சலுக்கு விடுப்பெடுக்கும் முறையைப் பகிர்ந்துகொள்க. அப்பகிர்வின்றேல் சட்டங்கள் பலவும் ஏட்டளவில் நிற்கும்.

முதலாளிமார்க்கு நாம் வேண்டுவது சலுகையன்று. தேறிய ஆண்டைக் கொண்டன்றித் தேர்ந்த திறத்தைக் கொண்டு ஆள் எடுக்க. ஆடவரிடம் வினவாத ஒன்றைப் பெண்டிரிடமும் வினவாதொழிக. அதிகாலையிற் பாலும் மருந்தும் அளந்து, பேருந்து நேரம் கணித்து, தேர்வும் எழுதித் தேறியவரிடம் பொறுப்புணர்ச்சி உண்டோ என ஐயுறல் வேண்டா.

இறுதியாகக் கலாசாலைகட்கும் ஒரு கடமை உண்டு. வளாகத் தேர்வு நாளன்று, முந்திய ஐந்தாண்டிற் பட்டம் பெற்றும் வேலையின்றியிருக்கும் பழைய மாணவரையும் அழைத்தல் பெருஞ்செலவுடையதன்று. ஓர் அறிவிப்பும், மூலையிலுள்ள அறையொன்றிற் குழந்தைகட்கு ஒரு பாயும் போதும். பட்டமளிப்பு நாளில் இடுப்பிற் குழந்தையோடு வந்தவரை நாம் கைதட்டி வாழ்த்துகின்றோம். அக்கைதட்டல் மெய்யாயின், அவர்க்கு வேலைக்கதவு திறக்கும்வரை நம் பொறுப்பு முடிந்ததன்று.